எழுபத்து நாலு வேண்டாம்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஐசியூவிலிருந்து லேபுக்கு ரத்தத்தை எடுத்து வருவது நோயாளியின் வீட்டு ஆட்கள்தான். நர்ஸ் ரத்தம் எடுத்து, ட்யூபில் விட்டு, பெயர் எழுதி ஒட்டி, "கீழ லேப்ல குடுத்துட்டு வாங்க" என்று கையில் கொடுத்துவிடுவார். மூன்று மாடி இறங்க வேண்டும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சருக்குத்தான் முதல் இடம். புருஷனோ பிள்ளையோ மேலே படுத்திருக்க, அவர்கள் ரத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருகிறவர்களை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அங்கே லேப் டெக்னீஷியன். பெயர் லூர்துராணி. ஸ்ரீரங்கத்தில் வீடு. தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவள்.

கமருன்னிசாவும் அப்படித்தான் என் ஜன்னலுக்கு வந்தார். அவர் கணவர் அப்துல் மாலிக்குக்கு நாற்பத்தேழு வயது. கடைகளுக்கு ஷட்டர் போடுகிறவர். காந்தி மார்க்கெட் பக்கம் எந்தக் கடை ஷட்டர் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். ஒரு நாள் தகட்டின் ஓரம் கெண்டைக்காலில் கிழித்துவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். எட்டாம் நாள் நினைவில்லாமல் கொண்டு வந்தார்கள். கிருமி ரத்தத்தில் பரவி பிரஷர் அடியோடு விழுந்துவிட்டது. செப்டிக் ஷாக் என்பார்கள். காலில் அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். மருந்தை ஏற்றி ஏற்றி பிரஷரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஐசியூவில் இருக்கும் இரண்டு தனி ரூமில் ஒன்றில் போட்டார்கள். வீட்டு ஆட்களுக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும்தான் அனுமதி.

இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு நாங்கள் ஒரு டெஸ்ட் செய்துகொண்டிருந்தோம். ஐசியூ தலைமை டாக்டர் பீமராவின் ஆராய்ச்சி அது. ரத்தத்தில் மோனோசைட் என்று ஒரு வெள்ளை அணு இருக்கிறது. அது கிருமியைப் பிடித்து, துண்டாக்கி, ஒரு துண்டைத் தட்டில் வைத்துத் தன் உடம்பின் வெளிப்பக்கம் நீட்டிக் காட்டும். 'இதோ, இவன்தான் உள்ளே வந்தவன்' என்று மற்ற அணுக்களுக்குச் சொல்கிற மாதிரி. அந்தத் தட்டுக்கு எச்.எல்.ஏ.-டி.ஆர். என்று பெயர். உடம்பு போராடிப் போராடி ஓய்ந்துவிட்டால் அணு இருக்கும், தட்டு இருக்காது. அப்போது வருகிற இரண்டாவது கிருமியைத் தடுக்க ஆள் இல்லை. அந்தத் தட்டில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைப் போட்டு, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு, நூறில் எத்தனை அணு தட்டு வைத்திருக்கிறது என்று மெஷின் எண்ணிச் சொல்லும். நல்ல உடம்பில் எண்பதுக்கு மேல் வரும். முப்பதுக்குக் கீழே என்றால் பயம். ஐம்பது தாண்டும்வரை நம்ப முடியாது.

மாலிக்குக்கு மூன்றாம் நாள் இருபத்தேழு.

இந்த டெஸ்டுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ரத்தம் எடுத்ததிலிருந்து என் கைக்கு வரும்வரை ஐஸிலேயே இருக்க வேண்டும். அதற்காக ஒரு தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் போட்டு, அதற்குள் ட்யூபை வைத்துக் கொடுப்போம்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு டப்பா வந்தது. மெஷினில் ஓட்டினேன். எழுபத்து நாலு.

வீட்டு ஆட்களிடம் எண்ணைச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் கமருன்னிசா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆறு நாளாக அதே கத்திரிப்பூ நிறச் சேலை.

"அக்கா, நல்லா இருக்கா?"

"மூணாம் நாள் இருபத்தேழுதான் இருந்துச்சும்மா. இன்னிக்கு எழுபத்து நாலு!" என்று சொல்லிவிட்டேன். வாய் அடங்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு சார்ஜாவில் இருக்கும் மகன் ஹாலித்துக்குப் போன் போட்டார். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். "பிரஷர் மருந்தும் நிறுத்தியாச்சு, காய்ச்சலும் இல்ல. இதுவும் நல்லா வந்திருக்கா? அப்ப நாலு மணிக்கு வார்டுக்கு மாத்திடலாம். ரூமுக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார்" என்றார் பீமராவ்.

ஒரு மணிக்கு நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கமருன்னிசா ஒரு பொட்டலம் ஜிலேபியோடு வந்தார்.

"சாப்பிடுங்க அக்கா. நாலு மணிக்கு வார்டாம். பக்கத்துலயே உக்காந்துக்கலாம்னு ஜோதி சிஸ்டர் சொன்னாங்க. ஆறு நாளாச்சு அவரைத் தொட்டு."

"சந்தோஷம்மா."

"நான் ஓதினது வீண் போகல அக்கா."

"என்ன ஓதினீங்க?"

"குர்ஆன்ல யாசீன். ரத்தத்து மேலதான் ஓதி ஊதினேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு பெஞ்சு இருக்குல்ல, அங்க உக்காந்தேன். டப்பாவைத் தொறந்து ட்யூபைத் தொட்டா ஐஸாட்டம் ஜில்லுனு இருக்கு. இங்க தூக்கிட்டு வந்த அன்னிக்கு அவரு கை கால் அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. எடுத்து ரெண்டு உள்ளங்கையிலயும் பொத்தி வெச்சுக்கிட்டு ஓதினேன். கொஞ்ச நேரத்துல நல்லா சூடேறிடுச்சு. உசுரு வந்த மாதிரி இருந்துச்சு அக்கா."

ஜிலேபி என் கையிலேயே நின்றது.

"எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?"

"மூணு தடவை ஓதினேன். அப்புறம் உங்க ஜன்னல்ல கூட்டம். முந்தானையில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒன்பது மணிக்கு எடுத்தது... குடுக்கறப்ப மறுபடியும் ஐஸ்லயே வெச்சுட்டேன், கவலைப்படாதீங்க."

இரண்டு மணி நேரம்.

ரத்தம் சூடாக இருந்தால் அந்த மோனோசைட் என்ன செய்யும் தெரியுமா? உள்ளே அடுக்கி வைத்திருக்கும் தட்டையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிடும். விருந்தாளியே வராத வீட்டில் இலை போட்ட மாதிரி. எண்ணிக்கை ஏறும். உடம்பில் ஏறாது, ட்யூபில் மட்டும் ஏறும். குப்பைக் கூடையிலிருந்து அந்த ட்யூபை எடுத்துப் பார்த்தேன். ஐஸில் கிடந்த ட்யூபின் லேபிள் ஊறி ஓரம் கிளம்பியிருக்கும். இது மொறமொறவென்று ஒட்டியிருந்தது. காலையிலேயே நான் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆராய்ச்சிக்கு நல்ல எண், ஐசியூவுக்கு ஒரு ரூம், இந்தம்மாவுக்குப் புருஷன் கை. எல்லாருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. மாலிக்குக்கு மட்டும் கிடைக்கவில்லை. இருமலும் காய்ச்சலுமாக இருபத்து நாலு கட்டில் கிடக்கிற வார்டுக்கு, தடுக்க ஆளில்லாத உடம்போடு அவரை உருட்டிக்கொண்டு போவார்கள்.

"கமருன்னிசா, அந்த எழுபத்து நாலு செல்லாதும்மா" என்றேன்.

அவர் புரியாமல் சிரித்தார். நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு போனது.

"அப்ப நான் ஓதினதுனால கெட்டுப்போச்சுங்கறீங்களா?"

"ஓதினதுனால இல்ல. சூட்டுனால. நான் சர்ச்சுக்குப் போறவ. எங்கம்மா படுத்திருந்தப்ப குளுக்கோஸ் பாட்டில்ல ஜெபமாலையைச் சுத்தினவ நான். உங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஏன் ஐஸ்னு உங்க கிட்ட யாரும் சொல்லல. நானும் சொல்லல. அது எங்க தப்பு."

"வேணாம் அக்கா. நல்லா வந்ததை ஏன் மறுபடி கிளறணும்? விட்டுடுங்க."

நான் விடவில்லை. முட்டி வலியோடு மூன்று மாடி ஏறினேன்.

பீமராவ் நல்ல டாக்டர்தான். ஆனால் கட்டிலுக்கு ஆள் காத்திருக்கும்போது எந்த டாக்டருக்கும் காது பாதிதான் கேட்கும்.

"லூர்தம்மா, அது ஆராய்ச்சி நம்பர். அதை வெச்சு நான் வைத்தியம் பாக்கல."

"சார், அந்த நம்பரைக் கேட்டப்புறம்தானே வார்டுன்னீங்க?"

"பிரஷர் நிக்குது. காய்ச்சல் இல்ல. வேற என்ன வேணும்?"

"காய்ச்சல் வரதுக்கே அவருக்குத் தெம்பு இல்லைன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "டெக்னீஷியன் டாக்டருக்குப் பாடம் எடுக்கற காலம்."

"பாடம் இல்ல சார். நீங்க சொல்லிக்குடுத்ததுதான். ஐஸ்ல வராத சாம்பிளைக் குப்பையில போடுன்னு முதல் நாள் சொன்னது நீங்க. குப்பையில போட வேண்டிய நம்பரை உங்க கிட்ட குடுத்துட்டேன். திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன். அதை நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேன்."

"போடலேன்னா?"

"போடலேன்னா போடலதான் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கல்லீரல் ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தர் தியேட்டர் வாசல்ல இருக்கார். அவரும் மனுஷன்தான். நாலு மணி வரைக்கும் டைம். புது சாம்பிள் எடுத்து ஓட்டுங்க. நாலுக்கு நம்பர் வரலேன்னா கட்டிலை உருட்டச் சொல்லிடுவேன். வீட்டு ஆளு கையெழுத்து வாங்கிக்கங்க. ஆராய்ச்சிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ரத்தம் எடுப்போம்னு சம்மதப் படிவத்துல எழுதியிருக்கோம்."

அப்போது மணி ஒன்றரை.

ஐசியூ வாசலில் மாலிக்கின் தம்பி சர்ஃபராஸும் வந்துவிட்டிருந்தார். அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மச்சி, கையெழுத்துப் போடாதீங்க. நல்லா இருக்காருன்னு காலையில சொன்னவங்க, இப்ப இல்லேங்கறாங்க. சாயங்காலம் என்ன சொல்லுவாங்க? ஆராய்ச்சிங்கறாங்க. அண்ணன் என்ன எலியா?"

"தம்பி, நான் தப்பா சொன்னது உண்மை. அதான் சரியா சொல்லணும்ங்கறேன்" என்றேன்.

"வார்டுக்கு வந்தா எங்க ஆளைப் பக்கத்துல இருந்து நாங்க பாத்துக்குவோம். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெச்சு என்ன பண்றீங்கன்னே தெரியல."

கமருன்னிசா கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மாலிக் கண்ணை மூடிக் கிடந்தார். முகத்தில் மாஸ்க். கட்டுப்போட்ட கால் தலையணை மேல் இருந்தது.

"அக்கா, திரும்ப எடுத்தா கம்மியாத்தான் வரும், இல்லையா?"

"வரலாம்மா. எனக்குத் தெரியாது. நிஜமாத் தெரியாது."

"கம்மியா வந்தா நான் அவரைத் தொட முடியாது."

"முடியாது."

கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தார். பிறகு சர்ஃபராஸைப் பார்த்துத் திரும்பினார்.

"சர்ஃபராஸ், உங்க அண்ணன் ஷட்டர் போட்டு முடிச்சதும் என்ன பண்ணுவாரு?"

"என்ன மச்சி இப்ப?"

"சொல்லுங்க."

"...கடைக்காரர் முன்னாடி பூட்டிட்டு, குனிஞ்சு ரெண்டு கையாலயும் இழுத்துப் பாப்பாரு."

"ஏன்?"

"பூட்டு விழுந்த சத்தம் கேட்டா போதாதுன்னு."

"ம். இழுத்துப் பாக்காம ஒரு நாளும் சாவி குடுத்ததில்ல. ஒரு தடவை நகைக் கடைக்காரரு, 'அதான் சத்தம் கேட்டுச்சே, சாவியக் குடுய்யா'ன்னு கத்தினாரு. 'சத்தம் திருடனுக்கும் கேக்கும் அண்ணே'ன்னு சொல்லிட்டு இழுத்தாரு. ஷட்டர் கையோட வந்துருச்சு." என்னைப் பார்த்தார். "பேனா குடுங்க அக்கா. இழுத்துப் பாருங்க."

ஜோதி சிஸ்டர் ரத்தம் எடுத்தார். டப்பாவை வாங்க நான் கை நீட்டினேன்.

"நான்தான் கொண்டு வருவேன்" என்றார் கமருன்னிசா.

"அம்மா, மறுபடியும்..."

"எடுக்க மாட்டேன். ஆனா ஓதுவேன். அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்ல."

"தடுக்கல. மூடியைத் திறக்காதீங்க, அவ்வளவுதான்."

"தொறந்து வெச்சு ஊதினாத்தான் மனசு நிறையும். ட்யூபை அமுக்கிப் பிடிச்சுக்கறேன், ஐஸுக்குள்ளயே. சரிதானே?"

சரிதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. மூன்று மாடியும் அவர் வலது கையை ஐஸ் கட்டிகளுக்குள் விட்டு, ட்யூபை அடியில் அமுக்கிப் பிடித்தபடியே முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். படியில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். லேபுக்கு வந்தபோது அவர் விரல்கள் சிவந்து, மடங்காமல் இருந்தன. லேபிள் ஊறிப் போய் ஓரம் கிளம்பியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு யாருக்கும் விளக்க முடியாது.

சாயம் போட்டு இருட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சிவப்பணுக்களை உடைக்க வேண்டும். கழுவ வேண்டும். அவசரப்படுத்த முடியாத வேலை. மூன்று ஐம்பதுக்குத் திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன.

முப்பத்து மூன்று.

ஐசியூவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். இரண்டாவது மாடியில் அந்த பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நான் மேலே போனபோது மணி நாலு ஐந்து.

தனி ரூம் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது. இரண்டு அட்டெண்டர்கள். வாசலுக்குக் குறுக்கே, காலியான தெர்மாகோல் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கமருன்னிசா.

"அம்மா, வழிவிடுங்க. ஆர்டர்."

"யாரு ஆர்டர்?"

"டாக்டர் ஆர்டர். நாலு மணி ஆயிடுச்சு."

"லேப் அக்கா வரணும்."

"அவங்க எப்ப வருவாங்களோ! வார்டுக்குத்தானேம்மா, நல்லதுக்குத்தான். நீங்களே மத்தியானம் ஜிலேபி குடுத்தீங்க!"

"குடுத்தேன். சாப்பிட்டீங்கல்ல? ஜீரணம் ஆகற வரைக்கும் நில்லுங்க."

சர்ஃபராஸ் அவர் முழங்கையைத் தொட்டார். "மச்சி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஆறு நாளா நான் கண்ணாடி வழியாப் பாத்தேன். இன்னிக்கு அவங்க என்னைப் பாக்கட்டும்."

நான் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். பீமராவ் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். காலையில் நான் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் நாற்பத்தொன்று வித்தியாசம்.

"ஐஸ்லதானே வந்துச்சு?"

"அந்தம்மா விரலைப் பாருங்க சார்."

பார்த்தார். காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "ஸ்ட்ரெச்சரை எடுத்துட்டுப் போங்கப்பா. மாலிக் இங்கயே இருக்கட்டும். தியேட்டர் பேஷண்டுக்கு டயாலிசிஸ் ரூமை ஒழிச்சுக் குடுங்க, நான் பேசிக்கறேன்." போகும்போது என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்குப் படியேறி வராதீங்க லூர்தம்மா, முட்டி போயிடும். போன் எடுக்கற ஆளை நான் கவனிச்சுக்கறேன்" என்றார்.

கமருன்னிசா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எவ்வளவு அக்கா?"

விதி ஞாபகம் வந்தது. காலையில் பொய்யைச் சொன்ன வாய், இப்போது விதியைக் காட்டி மூடிக்கொள்வதா?

"முப்பத்து மூணு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "முன்னாடி இருபத்தேழு."

"ஆமா."

"ஆறு கூடியிருக்கு."

"கூடியிருக்கு. ஆனா பத்தாதும்மா."

"பத்தாதுதான். ஆனா இது அவரோடது." சர்ஃபராஸிடம் திரும்பினார். "ஹாலித்துக்குப் போன் போடுங்க. எழுபத்து நாலு இல்ல, முப்பத்து மூணுன்னு சொல்லுங்க. அத்தா உள்ளதான் இருக்காரு, சண்டை நடக்குதுன்னு சொல்லுங்க."

மறு வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. ஆராய்ச்சி முடிவை வீட்டு ஆட்களிடம் இரண்டு முறை சொன்னதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் தமிழிலேயே பதில் எழுதினேன். 'முதல் முறை சொன்னது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாம் முறை சொன்னது அந்தத் தப்பைத் திருத்த. அதற்குக் கேட்க மாட்டேன்.' இன்னும் பதில் இல்லை.

அன்றே எல்லா ஐஸ் டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டினேன். ஏன் ஐஸ் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே: 'ஓதுங்க. ஜெபம் பண்ணுங்க. துளசி வைங்க, திருநீறு வைங்க. ட்யூபை மட்டும் ஐஸிலிருந்து எடுக்காதீங்க.' இது ஆஸ்பத்திரி எழுதுகிற பாஷை இல்லை, கிழித்துவிடுங்கள் என்று ஆபீஸிலிருந்து சொன்னார்கள். கிழிக்கவில்லை. போன வாரம் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் டப்பா மூடியில் துளசிமாலையைச் சுற்றிக் கொண்டு வந்தார். உள்ளே ட்யூபின் லேபிள் நன்றாக ஊறியிருந்தது.

மாலிக்குக்குப் பத்தாம் நாள் நாற்பத்தாறு. இடையில் ஒரு நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்ததற்காக ஒரு டாக்டர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் மாலிக் கண்ணைத் திறந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற மனைவியை அடையாளம் கண்டுகொண்டாராம். இன்னும் தொட விடவில்லை.

பதிமூன்றாம் நாள் காலை ஜன்னலில் டப்பா வந்து உட்கார்ந்தது. மூடியைப் பிடித்திருந்த விரல்கள் சிவந்திருந்தன. சேலை மாறியிருந்தது. இன்று பச்சை.

"இழுத்துப் பாருங்க அக்கா" என்றார் கமருன்னிசா.